பட்டாசுக்கு நடுங்கும் நாய்க்கு மூலிகை மாத்திரை: முதன்முறை கொடுப்பவர்களுக்கு

எங்கள் வீட்டு நாயின் பெயர் செம்பி. மழைக்கு ஒதுங்கி மாடிப்படிக்குக் கீழே வந்து படுத்த குட்டி, அப்படியே தங்கிவிட்டாள். அவளுடைய முதல் தீபாவளிக்கு நான் பார்த்த வைத்தியத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எந்தத் தகுதியில் இதை எழுதுகிறேன் என்பது அப்போதுதான் விளங்கும்.

நாட்டு மருந்துக் கடையில் ஐம்பது கிராம் அமுக்கராச் சூரணம் வாங்கினேன். தூக்கம் வர வீட்டுப் பெரியவர்கள் பாலில் கலந்து குடிப்பதுதானே என்ற தைரியம். ஒரு தேக்கரண்டிச் சூரணத்தை அரை டம்ளர் பாலில் கலக்கி, தீபாவளி விடியற்காலை நான்கு மணிக்குச் செம்பியின் தட்டில் ஊற்றினேன். நக்கித் தீர்த்துவிட்டாள். ஐந்தரைக்குப் பக்கத்துத் தெருவில் முதல் சரம் வெடித்தது. எங்கள் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரைச் சாண் இடைவெளி இருக்கிறது. அதில் பின்பக்கமாகவே நுழைந்து செருகிக்கொண்டாள். கையை நீட்டி அவள் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டது. எட்டு மணிக்கு அங்கேயே பேதியானது. சூரணம் வேலை செய்த ஒரே இடம் அவள் வயிறு.

பிறகு கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஒரு தேக்கரண்டியில் ஐந்து தவறு செய்திருக்கிறீர்கள் சார்" என்று விரல் மடக்கினார். அமுக்கரா நாள்பட உண்டு பலன் பார்க்க வேண்டிய கிழங்கு. அன்றைய வெடிக்கு அன்று கொடுத்துப் பயனில்லை. மனிதனுக்கான அளவைப் பதினான்கு கிலோ நாய்க்குக் கொடுத்தது இரண்டாவது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பது மூன்றாவது. வேறு மருந்து ஏதும் உள்ளே போகிறதா, வேறு நோய் இருக்கிறதா என்று கேட்காமல் கொடுத்தது நான்கு. ஒருமுறைகூடச் சும்மா இருக்கும் நாளில் கொடுத்துப் பார்க்காமல், நேராகத் தீபாவளியன்றே சோதித்தது ஐந்து.

அந்த ஐந்தையும் நீங்கள் செய்யாமலிருக்கத்தான் இந்தக் கட்டுரை.

மூலிகையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கடையில் பணம் கொடுத்த பிறகு பேசினால் மனம் ஒப்பாது.

சத்தத்துக்குப் பயப்படும் நாய் அபூர்வமில்லை. பின்லாந்தில் 13,700 நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2020-இல் வெளியானது. பதற்றம் சார்ந்த சிக்கல்களில் மிகப் பரவலானது சத்தப் பயம்தான் என்றும், ஏறக்குறைய மூன்றில் ஒரு நாய்க்கு அது இருந்தது என்றும் அதில் தெரியவந்தது. நம் காது 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணோடு நின்றுவிடும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸுக்கு அப்பாலும் கேட்கும். நம் ஊர் விதிப்படி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரை சத்தம் வரும் பட்டாசைத் தயாரிக்கலாம், விற்கலாம். அந்தச் சத்தம் நமக்கே காதைப் பொத்தவைப்பது.

அதே 2020-இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபானி ரீமர், வாணவெடிக்குப் பயப்படும் நாய்களுக்கு எது உதவியது என்று 1,225 உரிமையாளர்களிடம் கேட்டு வெளியிட்டார். மூலிகைப் பொருட்கள், சத்து மாத்திரைகள், வாசனை எண்ணெய்கள், ஹோமியோபதி, பூச்சாற்றுத் துளி மருந்துகள், ஃபெரோமோன் (நாய்கள் மோப்பத்தால் உணரும் வேதிப்பொருள்) ஆகியவற்றில் பலன் தெரிந்தது என்றவர்கள் 27 முதல் 35 சதவீதம். வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்தாலும் ஏறக்குறைய இந்த அளவு வரும் என்று அவரே குறிப்பிடுகிறார். உடலை இறுக்கிப் பிடிக்கும் சட்டைக்கு 44 சதவீதம். மருத்துவர் எழுதிக்கொடுத்த பதற்றத் தடுப்பு மருந்துக்கு 69 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேலே, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றது எது தெரியுமா? ஒவ்வொரு வெடிக்கும் உடனே ஒரு தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்தது.

அப்படியானால் மூலிகையே வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் அந்த முடிவுக்கு வரவில்லை. லேசாகப் பயப்படும் நாய்க்கு, சரியாகத் தேர்ந்தெடுத்த ஒரு மாத்திரையும் நல்ல அறையும் கோழித்துண்டும் சேர்ந்தால் போதுமானதாக இருக்கும். கடுமையாகப் பயப்படும் நாய்க்கு மூலிகையை மட்டும் நம்புவது, வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதற்கு நாம் கண்டுபிடிக்கும் கௌரவமான சாக்கு. உங்கள் நாய் இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்வதே முதல் படி.

முதல் படி: பயத்தின் அளவைப் பாருங்கள்

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஓர் அவித்த முட்டை போதும். தொலைவில் வெடி கேட்கும்போது ஒரு துண்டை நீட்டுங்கள். வாங்கித் தின்றுவிட்டுக் காதை மட்டும் சத்தம் வந்த பக்கம் திருப்புகிறது என்றால் பயம் லேசு. வாங்கிக் கீழே போட்டுவிட்டு உங்கள் காலடியில் ஒட்டிக்கொண்டால் நடுத்தரம். முட்டையைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை, வாய் ஒழுகுகிறது, கதவைப் பிறாண்டுகிறது, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கிறது என்றால் கடுமை. கடுமை என்று கண்டால் மூலிகைப் பேச்சை மூட்டைகட்டி வைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

சில அடையாளங்களை நாம் பயமென்றே எண்ணுவதில்லை. தூக்கம் இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, வெயில் இல்லாமல் மூச்சிரைப்பது, அறைக்கு அறை நடந்துகொண்டே இருப்பது ஆகியவை எல்லாம் அதே கணக்கில் வரும். செம்பி பயந்தால் அவள் உள்ளங்கால் வியர்க்கும். மொசைக் தரையில் நான்கு ஈரப் புள்ளிகளாகத் தடம் விழும். அதைக் கவனிக்க எனக்கு இரண்டு தீபாவளி ஆயிற்று.

நேற்றுவரை சும்மா இருந்த நடுவயது நாய் திடீரெனச் சத்தத்துக்குப் பயப்படத் தொடங்கினால் அதை மனசு சார்ந்த விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மூட்டுவலி, இடுப்பு வலி போன்றவை சத்தப் பயத்தைக் கூட்டுவது உண்டு. திடுக்கிட்டு உடல் இறுகும்போது வலிக்கிறது. பிறகு சத்தம் என்றாலே வலி என்று நாய் கணக்குப் போட்டுவிடுகிறது. அதற்கு வேண்டியது வலிக்கான வைத்தியம்.

இரண்டாவது படி: எடை, பட்டியல், மருத்துவர்

நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத பெரிய நாயென்றால் ஆஸ்பத்திரியில் தரையோடு பதிந்த எடைமேடை இருக்கும். எடை தெரியாமல் எந்த மாத்திரையையும் பேச முடியாது.

அடுத்து ஒரு தாளில், இப்போது உள்ளே போய்க்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, உண்ணி மாத்திரை, கல்லீரல் டானிக் என எதையும் விடாதீர்கள். 'டானிக்தானே' என்று விட்டுவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த டானிக்கிலேயே நீங்கள் வாங்கப்போகும் மூலிகை இருக்கலாம்.

இந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். தனியார் கிளினிக்தான் என்றில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய நாள் போனால் வரிசையைப் பார்த்தே நாய்க்குப் பயம் வந்துவிடும். ஆறு வாரம் முன்னதாகப் போங்கள்.

கருவுற்ற நாய், பால் கொடுக்கும் நாய், சிறு குட்டி, கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ள நாய், வலிப்பு உள்ள நாய், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த நாய் ஆகியவற்றுக்கு மருத்துவர் வாயால் சரி என்று கேட்காமல் எந்த மூலிகையும் வேண்டாம். மூலிகை என்பதால் பக்கவிளைவு இல்லை என்பவர்களிடம் ஊமத்தையும் மூலிகைதான் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது படி: எதைத் தேர்ந்தெடுப்பது

நாய்களுக்கான அமைதி மாத்திரைகளின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பெயர்கள்தாம் வரும். அவற்றில் எதை எதற்கு என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

*வலேரியன் வேர்.* ஐரோப்பாவில் மனிதர்களுக்கே தூக்கத்துக்காக நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் வேர். நம் நாட்டு மருந்துக் கடைச் சடாமாஞ்சில் இதற்கு உறவுக்காரச் செடி. மூளையில் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு இதிலுள்ள வலேரினிக் அமிலம் துணைபோகிறது. டப்பாவைத் திறந்தால் துவைக்காத காலுறை வாசம் அடிக்கும்; கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் இயல்பே அது. சில நாய்களுக்கு இது நேர்மாறாக வேலை செய்து துள்ளவைக்கும். ஏற்கெனவே மயக்க மருந்தோ வலிப்பு மருந்தோ போகிறது என்றால் இரண்டும் சேர்ந்து நாயைத் தள்ளாடவைக்கலாம்.

*பேஷன் ஃப்ளவர்.* நீலகிரியில் விளையும் பேஷன் ஃப்ரூட்டின் இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடி. பெரும்பாலும் வலேரியனோடு சேர்ந்தே வரும். தனியாக இதற்கென்று அதிகம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

*கெமோமில் என்னும் சீமைச் சாமந்தி.* மிகக் கொஞ்சமாக மாத்திரையில் இருந்தால் வயிற்றுக்கும் இதம். தேநீராகக் கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அளவு கூடினால் வாந்தி, பேதி வரும். சாமந்திக் குடும்பத்துப் பூக்கள் ஒவ்வாத நாய்க்கு அரிப்பும் வரும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோடு சேரக் கூடாது.

*அமுக்கரா, அதாவது அசுவகந்தா.* என் பழைய சிநேகிதன். நாள்பட்ட மன அழுத்தத்துக்கு வாரக்கணக்கில் கொடுக்கும் துணை மருந்து இது. வெடிச் சத்தத்துக்கு அவசர மருந்து இல்லை. தைராய்டைத் தூண்டக்கூடியது என்பதால் தைராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்கு மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். கருவுற்ற நாய்க்குக் கூடாது. *வல்லாரை, நீர்ப்பிரமி* இரண்டும் இதே வரிசையில் நிற்பவை: மெதுவானவை.

*எல்-தியானைன்.* சரியாகச் சொன்னால் இது மூலிகை இல்லை, தேயிலையிலிருந்து கிடைக்கும் ஓர் அமினோ அமிலம். ஆனால் பல மூலிகை மாத்திரைகளிலும் உட்கார்ந்திருக்கும். நாயைத் தூங்கவைக்காமல் பதற்றத்தை மட்டும் கொஞ்சம் இறக்கும் என்பதால், முதன்முறைக்காரர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். தேயிலையில் இருப்பதுதானே என்று மிச்சமிருக்கும் டீயை ஊற்றிவிடாதீர்கள். டீயில் உள்ள கஃபீன் நாய்க்கு நஞ்சு.

*ஆல்ஃபா-காசோஸிபைன்.* இதுவும் மூலிகை இல்லை, பால் புரதத்திலிருந்து எடுப்பது. பெயரைக் கேட்டால் ஏதோ கடுமையான மருந்து போல இருக்கிறது. குட்டி பால் குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கிறதே, அந்த அமைதியின் பின்னால் இருக்கும் சங்கதிதான். வழக்கமான அளவு கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு ஒருமுறை. பதினைந்து கிலோ நாய்க்கு 225 மி.கி. ஆகிறது. வெடிக்குச் சில நாட்கள் முன்பே தொடங்க வேண்டும்.

மற்ற மூலிகைகளுக்கு ஏன் அளவு சொல்லவில்லை என்று கேட்கலாம். ஒரே வேரைச் சூரணமாக அரைத்தால் ஒரு வீரியம், சாறு இறக்கிச் செறிவாக்கினால் வேறு வீரியம். ஒரு கம்பெனியின் 100 மி.கி. மற்றொன்றின் 100 மி.கி. ஆகாது. அந்தந்த டப்பாவில் எடைவாரியாக அச்சிட்டிருக்கும் அளவும் உங்கள் மருத்துவர் சொல்லும் அளவும் மட்டுமே செல்லும்.

ஒரு நேரத்தில் ஒன்று. இதை இன்னொரு முறை படியுங்கள். மூன்று டப்பாவை ஒன்றாகத் தொடங்கினால், பலன் வந்தாலும் வாந்தி வந்தாலும் எதனால் என்று தெரியாது.

தொடவே கூடாதவை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். நாட்டு மருந்தைவிட, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருட்களால்தான் நாய்கள் ஆஸ்பத்திரிக்கு வருகின்றன.

நீலகிரித் தைலம், கற்பூரத் தைலம், டீ ட்ரீ எண்ணெய் எதையும் நாயின் மூக்கிலோ மார்பிலோ தடவாதீர்கள். நமக்குச் சளிக்கு இதமாக இருப்பது, நக்கியே உடம்பைச் சுத்தம் செய்யும் பிராணிக்கு வயிற்றுக்குள் போகும் விஷம்.

மனிதர்கள் தூக்கத்துக்காகச் சாப்பிடும் மெலடோனின் மிட்டாய்களில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கக்கூடும். அது நாயின் இரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். மெலடோனின் வேண்டுமென்றால் மருத்துவர் சொல்லும் வெறும் மாத்திரைதான். 5-எச்.டி.பி. என்று போட்ட மனிதர் மாத்திரை அறவே வேண்டாம். காவா வேர் கல்லீரலுக்கு ஆகாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மருத்துவர் கொடுக்கும் டிராசோடோன், ஃபுளுவாக்ஸெடின் போன்ற பதற்ற மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தான நிலையை உண்டாக்கலாம்.

கஞ்சா இலை, ஒரு மூடி பிராந்தி, குழந்தைக்கு வாங்கிய சளி மருந்து ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு "நன்றாகத் தூங்கியது" என்று பெருமையாகச் சொல்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அது தூக்கமில்லை, நஞ்சேறிய மயக்கம். சளி மருந்தில் பாராசிட்டமாலும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மருந்துக் கடைக்காரர் தரும் அசிப்ரோமசின் என்ற பழைய மயக்க மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைப் போட்டால் நாய் அசையாமல் கிடக்கும், நமக்கும் நிம்மதி. ஆனால் பயம் அப்படியே உள்ளே இருக்கும். ஓடி ஒளியக் கால் மட்டும் வராது. சத்தப் பயத்துக்கு அதைத் தனியாகக் கொடுப்பதை விலங்குகளின் நடத்தை பயின்ற மருத்துவர்கள் இன்று ஏற்பதில்லை.

நான்காவது படி: டப்பாவைப் படியுங்கள்

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்துகள் இவை. ஒவ்வொரு பொருளும் ஒரு மாத்திரையில் எத்தனை மி.கி. என்று தனித்தனியாக இருக்கிறதா? 'மூலிகைக் கலவை 500 மி.கி.' என்று மொத்தமாகப் போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். விலங்குகளுக்கு மட்டும் என்று அச்சிட்டிருக்கிறதா, தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கின்றனவா, எடைக்கேற்ற அளவு அட்டவணை உண்டா என்று பாருங்கள். இனிப்புப் பொருள் என்ன என்றும் பாருங்கள். 'எல்லா நாய்க்கும் உடனடிப் பலன், பக்கவிளைவே இல்லை' என்று எழுதியவன் உங்களிடம் விற்பது மாத்திரையை இல்லை.

ஐந்தாவது படி: சும்மா இருக்கும் நாளில் ஒத்திகை

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நீங்கள் வீட்டிலேயே இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காலை உணவுக்குப் பிறகு, சொல்லப்பட்ட அளவில் பாதி மட்டும். ஒரு சிறு தயிர்சாத உருண்டைக்குள்ளோ கோழி ஈரலுக்குள்ளோ வைத்தால் உள்ளே போய்விடும். முதலில் மாத்திரை இல்லாத உருண்டை, அடுத்து மாத்திரை உள்ளது, உடனே மூன்றாவதைக் காட்டுங்கள். மூன்றாவதுக்கான அவசரத்தில் இரண்டாவதைக் கடித்துப் பார்க்காது.

கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளில் எழுதுங்கள். பிறகு அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள்: நடை தள்ளாடுகிறதா, வாந்தி உண்டா, கூப்பிட்டால் திரும்புகிறதா, வழக்கத்தைவிடத் துள்ளுகிறதா. எந்த நேரத்தில் கண் கொஞ்சம் இறங்கி, தலையைத் தரையில் வைத்துப் படுக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். செம்பிக்கு அது ஒரு மணி இருபது நிமிடம். அந்த எண்தான் தீபாவளியன்று எனக்குக் கடிகாரம்.

பாதி அளவு ஒத்துக்கொண்டால் அடுத்த ஞாயிறு முழு அளவு. முகம் வீங்கினால், உடலில் தடிப்பு எழுந்தால், விடாமல் வாந்தி எடுத்தால், எழுப்பினாலும் எழாவிட்டால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூன்றாவது ஞாயிறு எதற்கு என்றால், முழு அளவிலும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் மறுபடி போய் அடுத்த வழியைக் கேட்பதற்கான அவகாசம். டிராசோடோன், காபாபென்டின் போன்றவற்றை அவர் எழுதிக்கொடுத்தால் தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அவற்றுக்கும் இதே ஒத்திகை உண்டு. முன்பு கொடுத்த மூலிகையைத் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஆறாவது படி: அறையும் கோழித்துண்டும்

மாத்திரைக்கு இருபது நிமிடம் படித்தவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். வீட்டில் தெருவுக்கு மிகத் தள்ளி இருக்கும் உள்ளறை எது? ஜன்னல் சின்னதாக இருந்தால் நல்லது. செம்பி தானாகத் தேடிப்போன இடம் வாஷிங் மெஷின் சந்து என்பதால், அதே மூலையில் ஒரு மேசையைப் போட்டு மூன்று பக்கமும் பழைய ஜமக்காளத்தைத் தொங்கவிட்டேன். உள்ளே என் துவைக்காத லுங்கி ஒன்று. இரண்டு வாரம் அவளுடைய எல்லா வேளைச் சாப்பாடும் அதற்குள்தான். தீபாவளியன்றுதான் முதன்முதலாக அந்த அறையைக் காட்டினால் அது ஜெயில்.

தினமும் மாலை, கைபேசியில் பட்டாசுச் சத்தத்தின் பதிவைக் கேட்டும் கேட்காததுமான அளவில் ஓடவிடுங்கள். சத்தம், உடனே கோழித்துண்டு. சத்தம், உடனே கோழித்துண்டு. வரிசை மாறக் கூடாது. துண்டு முதலில் வந்தால், துண்டைப் பார்த்தாலே வெடி வரும் என்று கற்றுக்கொள்ளும். ஐந்து நிமிடம் போதும். காது பின்னுக்குப் போனால் ஒலியைக் குறையுங்கள். நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரு புள்ளி மட்டும் கூட்டுங்கள். தீபாவளிக்குள் உண்மையான வெடியின் அளவுக்கு வர முடியாது, வர வேண்டியதும் இல்லை.

கொஞ்சினால் பயம் வளரும் என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதலுக்காக யாரும் வேண்டுமென்றே பயப்படுவதில்லை. மடியில் வந்து படுத்தால் படுக்கட்டும், தடவிக்கொடுங்கள். ஒளிந்துகொள்ள விரும்பினால் இழுத்து வெளியே போடாதீர்கள்.

ஏழாவது படி: அந்த நாள்

பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் வரையறுத்த பிறகு, தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு பிரித்துக் கொடுத்தது. அறிவிப்பு அப்படி. தெரு நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ராஜபாளையம் நாய்க்குப் பேர்போன ஊரும் பட்டாசுக்குப் பேர்போன சிவகாசியும் ஒரே விருதுநகர் மாவட்டத்தில் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. மூன்று மணிக்கு எழுந்து செம்பியை வெளியே அழைத்துப்போய்த் திரும்பிவிடுவேன். கழுத்துப் பட்டையும் மார்புப் பட்டையும் இரண்டும் மாட்டி, கயிறு இரண்டிலும் கோத்திருக்கும்; வெடிக்கு மிரண்ட நாய் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடுவது ஒரு நொடி வேலை. பட்டையில் என் கைபேசி எண் பொறித்த வில்லை. மூன்றேகாலுக்குக் கொஞ்சம் சாதத்தோடு மாத்திரை. நான்கரைக்கு அவள் மேசைக்கடியில். மின்விசிறி முழு வேகம், தொலைக்காட்சியில் மங்கள இசை, ஜன்னலில் கனமான போர்வை. வெடி வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் பட்டாணி அளவில் ஒரு கோழித்துண்டு. கிண்ணத்தில் உறையவைத்த கெட்டித் தயிர் கொஞ்சம் கொடுத்தால் நக்கிக்கொண்டே இருப்பாள். அவளுக்குப் பால்தான் ஆகாது, தயிர் ஒத்துக்கொள்கிறது.

மாலைக்கு இதே ஏற்பாடு, ஐந்தரைக்குள் கடைசி நடை. மாத்திரையின் இரண்டாவது வேளை உண்டா இல்லையா என்பது மருத்துவர் சொன்னபடி. முதல் வேளை போதவில்லை என்று நீங்களாக இன்னொன்றைப் போடாதீர்கள்.

வீட்டுக்கு வருபவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். கேட்டைத் திறந்துபோடக் கூடாது. பலகாரத் தட்டைக் கீழே வைக்கக் கூடாது: உலர்திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது. தீபாவளி லேகியம் உங்கள் வயிற்றுக்கு மட்டும்.

வாசலில் தெருநாய் வந்து நின்றால் மாடிப்படிக்கடியில் ஒரு சாக்கைப் போட்டுத் தண்ணீர் வையுங்கள். மாத்திரை கொடுக்க வேண்டாம். அதன் எடையும் தெரியாது, நோயும் தெரியாது, இரவு அது எங்கே இருக்கும் என்றும் தெரியாது.

மறுநாள்

வெடிக்காத பட்டாசும் கரிமருந்துத் தாளும் தெருவெல்லாம் கிடக்கும். அவற்றை முகர்ந்து தின்னவிடாமல் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து நடத்துங்கள். அன்றும் சில மிச்ச வெடிகள் போகும் என்பதால் மேசையைப் பிரிக்க வேண்டாம்.

மாலையில் அந்தக் காலண்டர் தாளை எடுத்து நான்கு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்குக் கொடுத்தேன், முதல் வெடிக்கு என்ன செய்தது, எந்த வெடிக்குக் கோழித்துண்டை மறுத்தது, சகஜமாக எத்தனை நேரம் ஆயிற்று. என்னுடைய பழைய தாள் ஒன்றில் இப்படி இருக்கிறது: 'சரத்துக்குத் தின்றாள். அணுகுண்டுக்குத் தின்னவில்லை. 8.40-க்கு வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.' அடுத்த முறை மருத்துவர் அளவைக் கூட்டுவதா மருந்தை மாற்றுவதா என்று முடிவெடுத்தது அந்த மூன்று வரிகளை வைத்துத்தான்.

மிச்ச மாத்திரையைக் காற்றுப் புகாமல் மூடி, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். டப்பாவின் மேல் திறந்த தேதியை எழுதுங்கள். கார்த்திகை தீபம் அதிக தூரத்தில் இல்லை.